ரயிலடி இல்லாத ஊரிலிருந்து

எங்கள் ஊரான தேசூரில் ரயில் கிடையாது. சென்னைக்கோ தெற்கேயோ ரயிலில் போக வேண்டுமென்றால் திண்டிவனத்துக்கு பஸ் ஏற வேண்டும். வேலூர், திருப்பதி பக்கம் என்றால் போளூருக்கோ ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கோ போக வேண்டும். அந்த ஆரணி ரோடும் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. ஓர் ஊர்ப்பெயரோடு ரயில்வேக்காரர்கள் ‘ரோடு’ என்று சேர்த்திருந்தால், ஊர் இங்கே இல்லை, இறங்கி இன்னும் போக வேண்டும் என்று அர்த்தம். எங்கள் தெருவில் பலருக்கு வாழ்நாளில் ஐந்தாறு ரயில் பயணம் வாய்த்திருந்தாலே அதிகம். அதனால்தான் ஒவ்வொரு பயணமும் மாதம், கிழமையோடு நினைவில் இருக்கிறது.

அப்பா குழித்தறி நெசவாளர். கால் இரண்டும் குழிக்குள், நெஞ்சுக்கு முன்னால் நீள வாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல், தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. விடிந்ததும் தறியில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை அவர் கண் பார்க்கும் தூரம் ஒரு முழம். இழை அறுந்ததா, ஜரிகை பிசகியதா, கரையும் உடலும் சேரும் கோர்வை சரியாக விழுகிறதா, அவ்வளவுதான் அவருடைய உலகத்தின் நீள அகலம். பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றும் அம்மாவுக்கும் அதே தூரம். ரயில் ஜன்னல் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல இதைச் சொல்லியாக வேண்டும். தூரத்தைப் பார்ப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் அன்றாடம் கிடைக்காத பொருள்.

1979 கோடையில் அப்பாவைப் பெற்ற ஆயா ராமேஸ்வரம் போக வேண்டும் என்றாள். ஆயா, அப்பா, அம்மா, நான், தம்பி. திண்டிவனத்தில் ராத்திரி வண்டி. அப்போது சென்னையிலிருந்து தெற்கே போகும் பாதை முழுக்க மீட்டர் கேஜ். விழுப்புரம்வரை மின்சார இன்ஜின். அங்கே அதைக் கழற்றிவிட்டு வேறு இன்ஜின் மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பிளாட்பாரமே ஒரு தெருவாகிவிடும். மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974-லேயே ரயில்வே எடுத்துவிட்டது. ஆயாவுக்கு அது கடைசிவரை ‘மூணாங்கிளாஸு’தான். மரப்பலகை இருக்கை, ஏற்றி இறக்கும் ஜன்னல் கதவு, கிடைமட்டமாக மூன்று நான்கு கம்பி. புளிச்சோற்று மூட்டை, தண்ணீர்க் கூஜா, மாற்றுத்துணி வைத்த மஞ்சள் பை. எங்கள் சொத்து அவ்வளவும் காலடியில்.

திருச்சி தாண்டி விடிந்தது. புதுக்கோட்டை, செட்டிநாடு, காரைக்குடி, மானாமதுரை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்றது, நடுவில் காட்டிலும் நின்றது. எதிர்வண்டிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தபோது கருவேலங்காட்டில் இரண்டு மயிலைப் பார்த்தோம். அப்பா இறங்கிப் போய் கீழே கிடந்த ஓர் இறகை எடுத்துவந்து, மடியில் வைத்து வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயில்கழுத்து நிறத்தில் எத்தனை சேலை நெய்தவர்! பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் போட்டு, திரும்பும்போது மின்னும் அந்த நிறத்தின் மூலத்தை அவர் கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான்.

மண்டபம் தாண்டியதும் பெட்டியில் பேச்சு நின்றது. பாம்பன் பாலத்தில் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. பக்கவாட்டில் தடுப்பு ஏதும் இல்லை. குனிந்து பார்த்தால் நேராகக் கடல். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா. அப்பா இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடந்தார். “ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி, ஆனா வேற வேற பாவு” என்றார். ஆயா சுருக்குப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் கம்பி வழியாகக் கடலில் போட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, “எங்க அண்ணனுக்கு” என்றாள். அந்த அண்ணன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பயணத்துக்கு அப்பா ஒரு சேலைக் கூலியின் ஒரு பங்கைத்தான் செலவழித்தார். அன்று நாங்கள் பார்த்த காட்சிகளுக்குத் தனியாக ஒரு பைசா கட்டவில்லை. வண்டி மெதுவாகப் போனதால் பார்த்தோம். ஜன்னல் திறந்திருந்ததால் பார்த்தோம்.

நாங்கள் ஏறிய பாதையின் கதை எங்கள் ஆயாவைவிட மூத்தது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் போகும்போது நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல மேலே விரியும்; அதை ஆட்கள் நெம்புகோல் தள்ளியே திறந்தார்கள். அதன்பிறகு சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குப் போகலாம். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்பது காகிதத்தில். மக்கள் வாயில் போட் மெயில். ஒரு வண்டி, ஒரு கப்பல், மறுபடி ஒரு வண்டி. வெப்ப மண்டலக் கடலோரத்தில் இப்படியொரு பயணம் உலகில் அதிக இடங்களில் இருந்ததில்லை.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை எட்டுவதற்குள் கடலுக்குள் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து தேடி எடுத்துவந்து 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்திய இளம் பொறியாளர்தான் பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய இ. ஸ்ரீதரன். நாங்கள் போனபோது வண்டி ராமேஸ்வரத்தோடு நின்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் அப்போதும் ஓடியது. பெரிய டிரங்குப் பெட்டிகளோடு கப்பலுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1980-களின் நடுவில் இலங்கைப் போர் அதையும் நிறுத்தியது.

அந்தக் காலத்து ரயிலில் சொகுசு இல்லாமல் இல்லை. வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் சமஸ்தானத்து ராஜாக்களுக்கும் தனி சலூன் பெட்டிகள் இருந்தன. படுக்கையறை, குளியலறை, சமையற்கட்டு, பணியாளுக்கு ஓர் அறை. முதல் வகுப்பில் மெத்தை, மின்விசிறி. காந்தி 1915-இல் நாடு திரும்பியபின் மூன்றாம் வகுப்பிலேயே ஊர் ஊராகச் சுற்றி, அந்தப் பெட்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் 1917-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். நம் பக்கத்தில் வகுப்போடு சாதியும் ரயிலடியில் உட்கார்ந்திருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தவரும் போராடி, 1941-இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. ஆகவே பழைய நாள் பொன்னான நாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயாவின் அம்மா அந்த ரயிலடியில் எங்கே உட்கார வைக்கப்பட்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்று இருந்தது. சலூனில் இருந்த கவர்னரும் பலகையில் இருந்த நெசவாளியும் பார்த்த கடல் ஒன்று. மெத்தைக்குத்தான் விலை வைத்தார்கள். கடலுக்கு வைக்கவில்லை.

இதை நான் முழுசாக உணர்ந்தது நீலகிரியில். கல்யாணமான புதிதில், 1994-இல், மனைவியும் நானும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய் இறங்கினோம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நீலமும் வெளிர் மஞ்சளும் பூசிய மூன்று நான்கு பெட்டிகள், பின்னால் புகை விடும் இன்ஜின். மலை ஏறும்போது இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் தொடங்கும். இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓரடி மேலே. ஆசியாவில் இத்தனை செங்குத்தாக ஏறும் ரயில் பாதை வேறு அரிது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். அவர்கள் ஒருவருக்கொருவர் கொடி காட்டிக்கொண்டே வருவதைப் பார்த்தால், பாவு ஓட்டும்போது தெருவின் இரண்டு முனையிலும் நின்று கண்ணாலேயே பேசிக்கொள்ளும் எங்கள் ஆட்கள் ஞாபகம் வரும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். ஊட்டி 2,203 மீட்டர். நடுவில் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். குன்னூர்வரை 1899-இல் வந்த பாதை, ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆனது. பாக்குத் தோப்பில் தொடங்குகிறது. அப்புறம் மூங்கில், அப்புறம் பெயர் தெரியாத பெருமரங்கள், அப்புறம் தேயிலை, கடைசியில் தைலமரமும் குளிரும். ஒரே பயணத்தில் காற்றின் வாசனை நான்கு முறை மாறியது. ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லோரும் இறங்கினோம். குரங்குகள் எங்கள் முறுக்கைப் பறித்துக்கொண்டு போயின. கேத்தி வந்ததும் பெட்டியே எழுந்து வெளியே பார்த்தது. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எடுத்த ஸ்டேஷன் அல்லவா? என் மனைவி அங்கே கண்ணைத் துடைத்தாள். அந்தப் படத்துக்காகவா, மலைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பெட்டியில் குன்னூரில் ஏறிய பெண்கள் இருந்தார்கள், கூடையில் காரட்டும் பீன்ஸும். பள்ளிக்கூடப் பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அது டவுன் பஸ் போல. இன்று அதே வண்டி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். டார்ஜிலிங் மலை ரயிலுக்கு 1999-இல் கிடைத்த பெருமை இதற்கு 2005-இல் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள் மூப்படைந்ததும், அதே வகை இன்ஜினை திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே புதிதாகச் செய்து மலை ஏற்றினார்கள். நூறு வருஷத்து வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பல்லையும் கடைந்து எடுத்த அந்தத் தொழிலாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் இந்த வண்டியில் இடம் கிடைப்பது இன்று எளிதல்ல. கோடையில் டிக்கெட் திறந்ததும் தீர்ந்துவிடும். குழுவாக முழு வண்டியையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. மெதுவாகப் போவது அன்று அந்த வண்டியின் குறை. இன்று அதுதான் அதன் விலை.

இனி தங்கத் தேர் என்ற சொகுசு வண்டிக்கு வருகிறேன். அந்தக் கோல்டன் சாரியட் 2008 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. ஹம்பியில் இருக்கும் கல்தேரின் பெயரால் கர்நாடக அரசு இதைக் கொண்டுவந்தது. பெட்டிகளைச் செய்தது சென்னை பெரம்பூரில் இருக்கும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை, 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்தது. தங்கும் பெட்டிகள் பதினொன்று, பெட்டிக்கு நான்கு அறையாக 44 அறை. கதம்பர், ஹொய்சளர், ராஷ்டிரகூடர், கங்கர் என்று பெட்டிக்கு ஓர் அரச குலத்தின் பெயர். சாப்பாட்டுப் பெட்டிகள் இரண்டு; ஒன்றின் பெயர் ருச்சி, இன்னொன்று நளா. நளபாகம் தெரிந்த நமக்கு அந்தப் பெயரிலேயே பசி எடுக்கும். உடற்பயிற்சிக்கு இடம், மசாஜுக்கு இடம், மது அருந்த ஓர் அரங்கு. இடையில் சில வருஷம் நின்றுபோய், இப்போது ஐ.ஆர்.சி.டி.சி. பொறுப்பில் ஓடுகிறது. அதன் ஒரு பயணத் திட்டத்தில் மாமல்லபுரமும் தஞ்சாவூரும் செட்டிநாடும் உண்டு. கட்டணம் லட்சக் கணக்கில்.

அந்த வண்டிக்கு முன்னோடி 1982 ஜனவரி 26-இல் ஓடத் தொடங்கிய பேலஸ் ஆன் வீல்ஸ். ராஜாக்கள் விட்டுப்போன சலூன்களையே சேர்த்துக் கோத்து முதலில் ஓட்டினார்கள். அதாவது கவர்னருக்கும் ராஜாவுக்கும் மட்டும் இருந்த சலூன், பணம் கட்டுகிற எவருக்கும் திறந்துவிடப்பட்டது. இதில் தவறு காண என்னால் முடியவில்லை. பிறப்பால் வந்த தடையைவிடப் பணத்தால் வந்த தடை கொஞ்சம் தாழ்வானது. தாண்டுகிற வாய்ப்பாவது உண்டு.

சொகுசைப் பழிக்க எங்களுக்கு வாயும் கிடையாது. அப்பா பத்துப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து நெய்த கோர்வைச் சேலை என்ன, அவசியப் பொருளா? எங்கோ ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தி ஒரு பொழுது உடுத்தி மடித்து வைக்கப் போகிற ஆடம்பரம். அதில்தான் எங்கள் வீட்டு அரிசி வந்தது. தங்கத் தேரில் மரத்தை இழைத்தவர், மெத்தை தைத்தவர், சமைப்பவர், இரவெல்லாம் விழித்துப் பெட்டியைத் துடைப்பவர், எல்லோருக்கும் அந்த ஆடம்பரத்தில் சோறு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். என் மனதில் உறுத்துவது வேறு. புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் அந்த வண்டி போகும் தண்டவாளம், 1979-இல் நாங்கள் மயில் பார்த்த வழித்தடம். அதே பொட்டல், அதே கருவேலங்காடு, அதே ஊருணி. அன்று அதை ‘காட்சி’ என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு ஒரு பெயர் வைத்து, கண்ணாடி போட்டு, தட்டில் வைத்துக் கொடுக்கும்போதுதான் அது அழகு என்று ஆகிறதோ என்று கவலையாக இருக்கிறது.

ஆயாவின் அண்ணன் கதையைச் சொல்கிறேன் என்றேன். 1930-களின் நடுவில், அன்றைய வட ஆற்காட்டிலிருந்து ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர் அவர். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு; இந்த மாவட்டங்களிலிருந்துதான் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போனது. இரண்டு மணியார்டர், மூன்று கடிதம். பிறகு ‘ஜப்பான்காரன் சண்டை’ வந்தது. அதோடு சரி.

அந்தச் சண்டையில்தான் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் உழைத்த போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறை உண்டு, பெயர் உண்டு, சினிமா உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் அந்தக் கைதிகளைப்போல மூன்று மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் அதில் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் செத்த அவர்களில் பெரும்பாலானோருக்குக் கல் இல்லை. மலேசியத் தமிழர்கள் இன்றும் அதை சயாம் மரண ரயில் என்கிறார்கள்.

1993-இல் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் நடுவில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் என்ற சொகுசு வண்டி ஓட ஆரம்பித்தது. நியூசிலாந்தில் ஓடி ஓய்ந்த சில்வர் ஸ்டார் வண்டியின் பெட்டிகளை வாங்கி, மரவேலை செய்து, பட்டுத் திரை போட்டார்கள். கடைசியில் கூரை மட்டும் உள்ள திறந்த பெட்டி. ரப்பர் தோட்டமும் நெல்வயலும் காற்றோடு கண்ணுக்கு வரும். அந்தப் பயணத்தில் ஒரு நிறுத்தம், அதே மரண ரயில் பாதையின் குவாய் ஆற்றுப் பாலம். பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்த வண்டி பாங்காக்குக்குப் போவதில்லை. நான்கு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024 தொடக்கத்திலிருந்து சிங்கப்பூரில் கிளம்பி மலேசியாவைச் சுற்றி வருகிறது. எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் காணாமல் போன காடுகள் அந்த ஜன்னலில் தெரியும். ஆயா போட்ட காசு அதற்காக. அவளுக்கு எல்லாக் கடலும் ஒரே கடல்தான்.

இலங்கையிலும் இதே கதை, வேறு மாதிரி. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867-இல் போன பாதை காப்பிக் கொட்டையை இறக்கப் போடப்பட்டது. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்ததும், 1885-இல் நானுஓயாவுக்கு ஏறி, பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் உயரம் தொட்டு, 1924-இல் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தேயிலையைப் பறிக்க மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக அடைத்து வைக்கப்பட்டு, போட் மெயில் கப்பலில் கடந்து போனவர்கள் நம்மவர்கள். பிறகு 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானவர்கள் அதே வழியே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அட்டன் ஸ்டேஷனில் ஒரு பெட்டிக்குள் தாயும் வெளியே மகளுமாக அழுதுகொண்டு பிரிந்த காட்சிகளைச் சொல்லாத மலையகத்துக் குடும்பம் குறைவு.

இன்று அதே பாதை உலகின் மிக அழகான ரயில் பயணங்களில் ஒன்று. எல்ல என்ற ஊரில், 1921-இல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தில் வண்டி வரும் நேரத்துக்கு நூற்றுக்கணக்கானவர் கேமராவோடு நிற்கிறார்கள். கடைசிப் பெட்டியில் பெரிய கண்ணாடி வைத்த முதல் வகுப்பு. நல்ல வேளையாக அங்கே மூன்றாம் வகுப்பு அந்தப் பெயரிலேயே இன்னும் இருக்கிறது. அதன் ஜன்னல்கள் முழுசாகத் திறக்கின்றன. கொழுந்து பறித்துவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்ணும் ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்ணும் ஒரே பலகையில் உட்கார முடிகிற வண்டி. என் கண்ணுக்கு இந்தச் சொகுசு வண்டிகள் அத்தனையிலும் உயர்ந்தது அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டிதான்.

நம் பக்கம் ஜன்னல் மூடிக்கொண்டு வருகிறது. பெரம்பூரில் 2018-இல் உருவான வந்தே பாரத் வண்டி 2023 செப்டம்பரிலிருந்து சென்னைக்கும் நெல்லைக்கும் ஓடுகிறது. திண்டிவனத்தில் நிற்காது. நாம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது வெள்ளையாக ஒன்று போகும். உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. தம்பி மகன் அதில் ஒருமுறை போய்விட்டு வந்து, “பெரியப்பா, தூங்கி எழுந்தா மதுரை” என்றான். அவனுக்கு மதுரை சீக்கிரம் வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்கும் போகிறவனுக்கு மயில் எதற்கு? அதே பெரம்பூரில் மேலேயும் பக்கத்திலும் கண்ணாடி வைத்த விஸ்டாடோம் பெட்டிகளும் செய்கிறார்கள். மங்களூருக்கும் பெங்களூருக்கும் நடுவில் சக்லேஷ்பூர் மலைகளைப் பார்க்க 2021 ஜூலையிலிருந்து அந்தப் பெட்டி ஓடுகிறது. பார்க்க ஒரு பெட்டி, போக ஒரு பெட்டி என்று பிரிந்துவிட்டது. அன்று ஒரே டிக்கெட்டில் இரண்டும் இருந்தன.

இரண்டுமே கிடைக்காதவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் நிற்கிறார்கள். கழிவறை வாசலில் கால் மாற்றி நிற்கிறவனுக்கு மலை என்ன, கடல் என்ன. ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் நாற்பது உடம்பு.

ஊரும் மாறிவிட்டது. எங்கள் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது கேட்ட தறிச் சத்தத்தில் பாதிகூட இன்று கேட்பதில்லை. பிள்ளைகள் விடியற்காலையில் செய்யாறு சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். போன பஸ்ஸிலேயே திரும்பி வந்து, படுத்துக்கொண்டு போனில் சுவிட்சர்லாந்து ரயிலைப் பார்க்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்கு ஒரு பாதை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு பாதை. இரண்டுக்கும் 2006-07 வாக்கிலேயே ஒப்புதல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது தேசூர். அப்பா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கிழித்துத் தறிச் சுவரில் ஒட்டினார். அது மஞ்சளாகி, பழுப்பாகி, இப்போது சுவரோடு சுவராக இருக்கிறது. அப்பா இல்லை. வண்டியும் வரவில்லை. வந்தால் வெறும் நாலு பெட்டி பாசஞ்சர் போதும் எங்களுக்கு. ஏரியும் நெல்லும் வேர்க்கடலைக் காடும் செஞ்சி மலையும் அந்த ஜன்னலில் தெரியும்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே வண்டியை நிறுத்தியிருந்தார்கள். புதியதில் நடுப்பகுதி கை விரிப்பதில்லை. 72.5 மீட்டர் நீளத் துண்டு மின்விசையில் அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழி விடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் அம்மா போக வேண்டும் என்றாள். எண்பதைத் தாண்டியவள்; தம்பி மகன் போனிலேயே ஏ.சி. பெட்டியில் டிக்கெட் போட்டான். குளிர்ச்சியான பெட்டி, வெள்ளை விரிப்பு, கம்பளி. அம்மாவுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதற்காகவே அந்தப் பெட்டியை நான் வாழ்த்துவேன். காலையில் பாலம் வந்தது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து ஜன்னலைத் தொட்டாள்.

“ஆயா, இது தொறக்காது” என்றான் தம்பி மகன்.

அவள் கண்ணாடியில் கை வைத்தபடியே இருந்தாள். பழைய பாலம் பக்கத்திலேயே துருவேறி வந்தது. ஊர்ந்து போன இடத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிட்டோம். பெட்டியில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள்.

திரும்பும்போது ஏ.சி. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஸ்லீப்பர் வாங்கச் சொன்னாள். கிடைத்தது, கீழ்ப் படுக்கை, ஜன்னலோரம். மாலை வெயிலில் பாலம் ஏறினோம். காற்று அவள் நரைமயிரை முகத்தில் அடித்தது. கம்பி வழியாக முதலில் ஒரு காசு போட்டாள், அப்புறம் இன்னொன்று. பையன் கேட்டான், ரெண்டு எதுக்கு என்று.

“ஒண்ணு எங்க அத்தைக்கு. ஒண்ணு அவங்க அண்ணனுக்கு” என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கப்பா சொன்ன மாதிரிதான்டா இருக்குது. ரெண்டு பக்கமும் வேற வேற பாவு” என்றாள்.